வெள்ளையாகாத துணி

எழுதத் தெரிந்தவர்கள் உட்கார வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ரைபிளின் எண், பக்கத்தில் 'பழுதில்லை' என்ற ஒரு வார்த்தை, அடியில் என் கையெழுத்து. இருபத்தாறு வருஷம் அதையே எழுதினேன். காது மந்தமாகிவிட்டதால் ஐம்பது வயதிலேயே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மில்லர்புரத்தில் வீட்டோடு இருக்கிறேன். ஆயுதக் கிடங்குக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் ஏதாவது பேசச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். நாலு பேர் முன்னால் எழுந்து நின்றாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "எழுதித் தரட்டுமா?" என்று கேட்டுத் தப்பித்துவிட்டேன். இதுவும் லேசான வேலையில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

எங்கள் போலீஸ் முகாம் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. எண்பதுகளின் கடைசி. எங்களிடம் இருந்தவை பழைய போல்ட் வைத்த திரீ நாட் திரீ ரைபிள்கள். உங்கள் கைக்கு வந்திருப்பவை வேறு ஜாதி. ஆனாலும் குழல் குழல்தான். சுட்டால் அழுக்காகும், விட்டால் கெட்டுப்போகும்.

துடைப்பது எப்படி என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அதற்குள் நான் போகவில்லை. இந்தக் கதைக்கு வேண்டியதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். சுட்ட குழலுக்குள் மூன்று சங்கதிகள் தங்கும். பழைய தோட்டாவின் அடியில் முதலில் பற்றிக்கொள்கிற தீமருந்து விட்டுப்போகிற உப்பு ஒன்று. வெடிமருந்து எரிந்த கரி ஒன்று. தோட்டாவின் செம்பு உறை உரசி உரசி ஒட்டிக்கொள்கிற செம்பு ஒன்று. உப்புக்குக் கொதிக்கும் தண்ணீர், கரிக்கு எண்ணெயும் பிரஷும், செம்புக்கு அம்மோனியா கலந்த தண்ணீர். அம்மோனியாவில் நனைத்த துணியைக் கம்பி முனையில் மாட்டிக் குழலுக்குள் விட்டு எடுத்தால், உள்ளே செம்பு இருக்கிறவரை துணி நீலமாக வரும். செம்பு தீர்ந்தால் வெள்ளையாக வரும். இவ்வளவுதான்.

எனக்கு முன்னால் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பராமரிக்கிறவராக இருந்தவர் என்னைவிடப் பேசாதவர். ஓய்வு பெற்றுப் போகிற அன்று கிடங்குச் சாவியைக் கொடுத்தார், தலையை ஆட்டினார், போய்விட்டார். அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு காகிதம் மட்டும் ஒட்டியிருந்தது. 'துணி வெள்ளையாக வரும்வரை விடாதே.' அவர் எனக்கு விட்டுப்போன மொத்தப் பாடமும் அந்த ஒரு வரிதான். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். வந்த வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஏழாம் எண் ரைபிள் ஏட்டு சுடலைமுத்துவுடையது. எல்லோருக்கும் அவர் ஏட்டையா. சொந்த ஊர் குலசேகரன்பட்டினம். தசராவுக்கு வருஷம் தவறாமல் அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டுகிறவர். ஒரு வருஷம் இன்ஸ்பெக்டர் வேஷம் போட்டுக் காணிக்கை வாங்கப் போயிருக்கிறார். பந்தோபஸ்துக்கு நின்ற நிஜப் போலீஸ்காரர் ஒருவர் விறைப்பாக சல்யூட் அடித்தாராம். "வேலையில கெடைக்காத பதவிய அம்மா வேஷத்துல குடுத்துட்டா" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

சிரிக்காமல் பேசுகிற விஷயம் அவருக்கு ஒன்றே ஒன்றுதான். துப்பாக்கி சுடும் மண்டலப் போட்டி. அதில் முதல் நான்கு பேரை மாநில அணிக்கு எடுப்பார்கள். அணிக்குப் போகிறவர்களுக்கு ஒரு நீலக் கோட்டு தைத்துக் கொடுப்பார்கள். ஏட்டையா மூன்று முறை ஐந்தாவதாக வந்திருந்தார். வயது நாற்பத்தொன்பது. அடுத்த வருஷம் அவரைப் போட்டியிலிருந்து விடுவித்து ஸ்டோருக்குப் போடப்போவதாக முகாம் முழுக்கப் பேச்சு. ஆக, அந்த வருஷம் விட்டால் கோட்டு இல்லை.

வியாழக்கிழமை போட்டி. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை, முகாமுக்குப் பின்னால் உப்பளத்தைத் தாண்டி இருந்த எங்கள் சின்ன ரேஞ்சில் பயிற்சி. வழக்கமாக ஏட்டையாவின் குண்டுகள் உள்ளங்கை அகலத்துக்குள் விழும். அன்றைக்குச் சோற்றுத் தட்டு அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன. அவர் ரைபிளைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார். எனக்கு அங்கே 'வாய்ப்பூட்டு' என்று பெயர்.

"ஏலே வாய்ப்பூட்டு, உண்மையச் சொல்லு. என் கண்ணு போச்சா, குழலு போச்சா?"

நான் இன்னொரு நல்ல சுடுகாரரைக் கூப்பிட்டு அதே ரைபிளில் ஐந்து குண்டு சுடச் சொன்னேன். அவருக்கும் தட்டு அகலம்தான்.

"குழல்தான் ஏட்டையா."

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே. "கண்ணு இல்லேல்லா? அது போதும். குழலை நீ பாத்துக்கிடுவே" என்று என் தோளில் ஓர் அடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

வேறு ரைபிளை எடுத்துக்கொள்ளலாமே என்று உங்களுக்குத் தோன்றும். ஒரு ரைபிளின் விசை எந்த இடத்தில் இளகும், எந்தத் தூரத்துக்கு எவ்வளவு ஏற்றிப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் கைக்குப் பழக மாதக்கணக்காகும். நான்கு நாளில் புது ரைபிளோடு போட்டிக்குப் போவது, கல்யாணத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு போவதைப் போலத்தான். போகலாம். நடக்க முடியாது.

திங்கட்கிழமை காலை போல்ட்டைக் கழற்றிவிட்டு, பின்பக்கம் வெள்ளைக் காகிதம் பிடித்துக் குழலுக்குள் பார்த்தேன். வாய்ப் பக்கத்தில் பாகு காய்ச்சிக் கழுவாத சட்டி மாதிரி செம்புக் கோடுகள் படிந்திருந்தன. காரணம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷம். மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஓர் ஐஸ் கம்பெனி. அங்கே கஸ்பார் அண்ணாச்சிதான் மெக்கானிக். ஐஸ் மெஷினுக்குள் ஓடுவது அம்மோனியா; உள்ளே சேர்ந்த காற்றை வெளியேற்றும்போது அதையும் தண்ணீரில் விடுவார்கள். அந்தத் தண்ணீரில் ஒரு குப்பி எனக்குக் கொடுப்பார். அந்தக் குப்பியைத் திறந்தால் கிடங்கில் இருக்கிற எலிகூட வெளியே ஓடும்.

இங்கே என் பெருமை ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய ஆர்மரர் துடைக்கும் கம்பியில் மாட்டுவதற்கு ஓர் இரும்பு முனைதான் வைத்திருந்தார். இரும்பு, குழலுக்குள் வெட்டியிருக்கிற வரிகளைக் கீறிவிடுமோ என்று எனக்குப் பயம். ஒரு மாதம் முன்னால் துறைமுகம் ரோட்டில் ஒரு லேத்துப் பட்டறையில் என் சொந்தச் செலவில் பித்தளையில் முனை ஒன்று கடைந்து வாங்கியிருந்தேன். மிருதுவானது, குழலைக் கீறாது, மஞ்சளாகப் பளபளவென்று மூக்குத்தி மாதிரி இருக்கும். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் எடுத்துக் காட்டினேன். வாய் பேசாத நான் அதைப் பற்றி மட்டும் பேசினேன். பழைய இரும்பு முனையை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

செம்பு எடுக்கிற வேலைக்கு அந்தப் பித்தளை முனையை மாட்டினது அன்றுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை துணிகள் மைக்கூட்டில் முக்கினதுபோல நீலமாக வந்தன. எனக்கு உற்சாகம். சாயங்காலம் நீலம் வெளிறியது. செவ்வாய்க்கிழமை காலை மறுபடி ஆரம்பித்தேன். வெளிர் நீலம். பத்தாவது துணி வெளிர் நீலம். இருபதாவது துணியும் வெளிர் நீலம். நாற்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். துணிகளைச் சுவரோரம் வரிசையாகக் காயப்போட்டிருந்தேன்.

ஏட்டையா எட்டிப் பார்த்தார். "என்னலே, நான் நீலக் கோட்டு கேட்டேன். நீ நீலக் கோவணம் தச்சுக்கிட்டு இருக்கே?"

நான் சிரிக்கவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. 'துணி வெள்ளையாக வரும்வரை விடாதே' என்று கதவு சொல்கிறது. துணி வெள்ளையாக மாட்டேன் என்கிறது. அப்படியானால் உள்ளே செம்பு தீரவில்லை. இரண்டு நாள் தேய்த்தும் தீராத செம்பு எங்கே ஒளிந்திருக்கும்? துரு அரித்த பள்ளங்களில். குழல் முழுக்கப் பள்ளம் என்றால் அந்தக் குழல் செத்தது. இப்படி ஒன்றின் மேல் ஒன்றாக யோசித்துக்கொண்டே போனேன். ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது, முதல் படி ஒன்றைத் தவிர.

சாயங்காலம் நான்கு மணி இருக்கும். புதுத் துணி ஒன்றை நனைத்து முனையில் சுற்றி, இது ஒன்றாவது வெள்ளையாக வரட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் முகாம் இன்ஸ்பெக்டர் ஐயா உள்ளே வந்துவிட்டார். கம்பியை அப்படியே சுவரில் சாத்திவிட்டு விறைத்து நின்றேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும். ஷூ பளிச்சென்று இருக்க வேண்டும், பெல்ட் கொக்கி பளிச்சென்று இருக்க வேண்டும், பதிலும் பளிச்சென்று வர வேண்டும்.

"என்னய்யா, சாயப் பட்டறை போட்டிருக்கியா? நாளைக்கு அஞ்சு மணிக்கு வயர்லெஸ்ல பேர் லிஸ்ட் போகணும். ஏழாம் நம்பர் தேறுமா, தேறாதா? ஒரே வார்த்தையில சொல்லு."

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எனக்குத் தெரிந்த உண்மை 'தெரியவில்லை ஐயா' என்பதுதான். அதுவும் சின்ன பதில்தான். ஆனால் தெரியவில்லை என்று சொன்னால், ஏன் தெரியவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். கூச்சக்காரனுக்குப் பொய் சொல்வதைவிடக் கஷ்டம், நீளமாகப் பேசுவது.

"தேறாதுங்க ஐயா."

"எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். 'ஏழாம் எண் ரைபிளின் குழல் உள்ளே அரித்துத் தேய்ந்துவிட்டது. போட்டிக்குத் தகுதியில்லை.' அடியில் என் கையெழுத்து. ஐயா அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ரைபிள் இல்லாத ஆளை அனுப்பி என்ன செய்வது என்று கேட்டு, ஏட்டுக்குப் பதிலாகத் தன் ரைபிளில் கை பழகிய வேறொரு ஆளின் பெயரைப் போடப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஏட்டையா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வாசற்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தொப்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "நீ பாத்துச் சொன்னா சரியாத்தாம்லே இருக்கும்" என்றார். எனக்கும் ஒரு டீ சொன்னார்.

புதன்கிழமை காலை ஐஸ் கம்பெனிக்குப் போனேன். குப்பியைத் திருப்பிக் கொடுக்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நிஜமாக, இன்னும் காரமான தண்ணீர் கிடைக்குமா என்று ஒரு நப்பாசை. சாட்சிக்கு இருக்கட்டும் என்று, முந்தின நாள் சாயங்காலம் துணி சுற்றி அப்படியே விட்டிருந்த பித்தளை முனையையும் கம்பியிலிருந்து கழற்றிக் காகிதத்தில் பொதிந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கஸ்பார் அண்ணாச்சி கம்ப்ரஸர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பனியனோடு பீடி இல்லாமல் பீடி பிடிக்கிற தோரணையில் இருந்தார். அந்த இடத்தில் பீடி பற்றவைக்கக் கூடாது.

"வாரும் வே, போலீசு. என்ன மூஞ்சி தொங்குது? வலையில ஒண்ணும் படலியா?"

"உங்க தண்ணியில காரம் இல்ல அண்ணாச்சி. ரெண்டு நாளாத் தேய்க்கேன். செம்பு விட மாட்டேங்குது. இதப் பாருங்க" என்று காகிதத்தைப் பிரித்துக் காட்டினேன்.

அவர் முனையை வாங்கித் துணியை விரலால் விலக்கினார். துணி உள்பக்கம் நல்ல நீலம். வெளிப்பக்கம்தான் வெளிர் நீலம்.

"இந்தத் துணி குழலுக்குள்ள எத்தன தடவ போச்சு?"

"இது போகவே இல்ல அண்ணாச்சி. நனைச்சு மாட்டினேன், இன்ஸ்பெக்டர் வந்துட்டாரு, அப்படியே..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நடுவில் நின்றுவிட்டேன். குழலுக்குள் போகவே போகாத துணி. அது எப்படி நீலமாயிற்று?

அண்ணாச்சி துணியை உரித்துப் போட்டுவிட்டு முனையை வெளிச்சத்தில் பிடித்தார். மூக்குத்தி மாதிரி இருந்தது மங்கி, சொரசொரவென்று பச்சை பூத்திருந்தது.

"ஏம் வே, இது பித்தளையா?"

"ஆமா. குழலைக் கீறக் கூடாதுன்னு..."

அவர் சிரித்த சிரிப்பில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சம்மட்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கையை நீட்டி மெஷினைச் சுற்றிக் காட்டினார். "இங்கன பாரும். பைப்பு இரும்பு. வால்வு இரும்பு. அந்தா தெரியுதுல்லா சின்ன நட்டு, அதுவும் இரும்பு. அம்மோனியா ஓடுற பாதையில ஒரு குந்துமணி பித்தளை கெடையாது, செம்பு கெடையாது. வச்சா தின்னுப்புடும். நீரு செம்பத் தேடி உள்ள போறீரு, செம்பக் கையிலயே கொண்டு போறீரு. பித்தளையில பாதி என்னதுன்னு நெனச்சீரு?"

"செம்பு."

"பெறவென்ன? லைட்டப் புடிச்சுக்கிட்டே இருட்டத் தேடினா எப்பிடி வே கெடைக்கும்?"

நான் குப்பியை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பினேன். முனையைக் கேட்டேன். "இது இங்கன கெடக்கட்டும்" என்று அவர் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "புதுசா வேலைக்கு வாரவனுக்குக் காட்டணும். நான் எவ்வளவு சொன்னாலும் நம்ப மாட்டேங்கானுவ." என்னுடைய பெருமை அவருடைய பாடமாகிவிட்டது.

முகாமுக்கு வந்ததும் முதல் வேலையாக இழுப்பறையிலிருந்து இரும்பு முனையை எடுத்தேன். கிடங்கில் இன்னொரு குப்பியில் மீதியிருந்த அம்மோனியாத் தண்ணீரில் துணியை நனைத்து ஏழாம் எண் குழலுக்குள் விட்டேன். சாம்பல் நிறத்தில் வந்தது. நீலம் இல்லை. இரண்டாவது துணி வெள்ளை. மூன்றாவது, வெயிலில் காயப்போட்ட வேட்டி.

குழலில் இருந்த செம்பு திங்கட்கிழமை சாயங்காலமே தீர்ந்திருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை முழுக்க நான் தேய்த்து எடுத்தது என் பித்தளையை.

மணி பத்தரை. ஐந்து மணிக்குப் பெயர் போய்விடும். சுட்டுப் பார்க்காமல் குழல் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. சுட்டுப் பார்க்க இன்ஸ்பெக்டர் உத்தரவு வேண்டும். உத்தரவு வாங்க, நேற்றுப் போட்ட கையெழுத்து தப்பு என்று சொல்ல வேண்டும். அவர் அறைக்கும் கிடங்குக்கும் நடுவே ஐம்பது அடி இருக்குமா? அந்த ஐம்பது அடியில் இரண்டு முறை திரும்பி வந்தேன். ஒருமுறை தண்ணீர் குடிக்க. ஒருமுறை ஒன்றுக்குப் போக. மூன்றாவது முறை, அந்த டீ ஞாபகம் வந்தது. உள்ளே போய்விட்டேன்.

சொல்லி முடிக்கிறவரை அவர் தலை நிமிரவே இல்லை. பிறகு நேற்றைய காகிதத்தை எடுத்து மேஜைமேல் விரித்தார்.

"நேத்து தேறாதுன்னு சொன்னே. இன்னைக்குத் தேறும்னு சொல்லுதே. நாளைக்கு என்னய்யா சொல்லுவே?"

"நாளைக்கு ஏட்டையா சொல்லுவாங்க ஐயா, சுடுற போர்டுல."

இது என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரும் எதிர்பார்க்கவில்லை. விரித்த காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டார். "பத்து ரவுண்டு. நானும் வாரேன்."

ரேஞ்சில் ஏட்டையா படுத்தார். முதல் குண்டு மேலே இடதுபக்கம், கைக்கெட்டாத தூரம். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கொஞ்சம் கீழே இறங்கியது. இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். எனக்கு உப்பளம், வானம், எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரிந்தது. ஏட்டையா மட்டும் அசரவில்லை. "இரும், இரும். குளிச்சு வந்த மாப்பிள்ள. கொஞ்சம் வேர்க்கட்டும்" என்று ரைபிளைப் பார்த்துச் சொன்னார். நான்காவது நடுவுக்கு வந்தது. ஐந்திலிருந்து பத்துவரை ஆறு குண்டும் உள்ளங்கைக்குள்.

முற்றிலும் துடைத்த குழல் முதல் சில குண்டுகளை இப்படித்தான் எங்கோ போடும். லேசாகக் கரியும் செம்பும் படிந்த பிறகுதான் ஒரே பேச்சுப் பேசும். இது கிடங்கில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியவில்லை, சுடுகிற ஏட்டையாவுக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்குள் நாங்கள் இதைப் பேசிக்கொண்டதே இல்லை.

பெயர் லிஸ்டில் ஏட்டையா பெயர் திரும்பவும் ஏறியது. கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் போட்டியில் சோதனைக் குண்டு இரண்டுதான் தருவார்கள். மூன்றாவதிலிருந்து மார்க். பளிச்சென்று துடைத்த குழலோடு போனால் முதல் மார்க் குண்டு கைவிட்டுப் போகும். ஆக, குழலைத் துடைக்காமல் கொண்டுபோக வேண்டும். ஆனால் இது தூத்துக்குடி. சுட்ட குழலை அப்படியே வைத்தால் தீமருந்து உப்பும் கடல் காற்றும் சேர்ந்து விடியும்முன் துரு பூக்கும். எங்கள் முகாமில் ஆணியில் தொங்கவிட்ட சாவிக்கொத்துகூட ஒரு வாரத்தில் சிவந்துவிடும். போதாக்குறைக்கு நான்கு மணிக்கு இன்ஸ்பெக்டர் ஐயாவின் பரிசோதனை. குழலுக்குள் பார்த்தால் அவர் முகம் தெரிய வேண்டும்.

ஏட்டையா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "தொடச்சா குண்டு போச்சு. தொடைக்கலேன்னா குழலு போச்சு. என்னலே செய்யச் சொல்லுதே?"

அப்போதுதான் நான் அந்தக் காகிதத்தை முதல் முறையாக மறந்துவிட்டு யோசித்தேன். துருவைக் கொண்டுவருவது உப்பு. குண்டை நேராக அனுப்புவது கரியும் செம்பும். எது கெடுக்கிறதோ அதை மட்டும் எடுத்தால் போதும் அல்லவா? கேன்டீனிலிருந்து ஒரு கெட்டில் கொதிக்கும் தண்ணீர் வாங்கிவந்து குழலில் ஊற்றினேன். உப்பு கரைந்து போய்விடும். கரியும் செம்பும் அதற்கு மசியாது. சூட்டிலேயே குழல் காய்ந்தது. உலர்ந்த துணி ஒன்று விட்டு, எண்ணெய் தொட்ட துணி ஒன்று விட்டு, நிறுத்திக்கொண்டேன். பிரஷை எடுக்கவில்லை. அம்மோனியாவை எடுக்கவில்லை. தேய்க்காமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்று தெரிந்தது.

நான்கு மணிக்கு ஐயா குழலுக்குள் பார்த்தார். "என்னய்யா இது, ஓட்டல் புகைக்கூண்டு மாதிரி இருக்கு?"

"இருக்கட்டும் ஐயா. உப்பை எடுத்துட்டேன். மிச்சத்தை வேணும்னுதான் விட்டிருக்கேன். காலையில எண்ணெயைத் துடைச்சிட்டுக் குடுப்பேன். நாளைக்குச் சாயங்காலம்வரை யாரும் தொடக் கூடாது ஐயா."

இருபத்தாறு வருஷத்தில் மேலதிகாரி ஒருவரிடம் நான் பேசிய மிக நீளமான பேச்சு இது. பக்கத்தில் நின்ற ஏட்டையா என்னை, சாமி வந்த ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

ஐயா ரைபிளைத் திருப்பித் தந்தார். "எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். 'நேற்று நான் எழுதியது தவறு. ஏழாம் எண் குழல் நல்ல நிலையில் உள்ளது. வேண்டுமென்றே துடைக்கப்படவில்லை. பொறுப்பு என்னுடையது.' ஐயா படித்துவிட்டு, நேற்றையதையும் இதையும் சேர்த்து ஒரே குண்டூசியில் குத்தினார். இரண்டையும் கிழிக்கவில்லை. அது எனக்கு நல்லதாகப் போயிற்று. பின்னால் எப்போது கையெழுத்துப் போட்டாலும் அந்தக் குண்டூசி ஞாபகம் வரும்.

உங்களுக்குச் சொல்ல விரும்புவதை நீளமாகச் சொல்லத் தெரியவில்லை. துணி நீலமாக வந்தால் முதலில் உங்கள் கையில் இருப்பதைப் பாருங்கள், அப்புறம் குழலைப் பாருங்கள். கெட்டது என்று எழுதுவதற்கு முன் நல்லதென்று உங்களுக்கே தெரிந்த இன்னொன்றில் அதே வேலையைச் செய்து பாருங்கள். அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்த எட்டாம் எண்ணில் ஒரு துணி விட்டிருந்தால், எட்டும் செத்துவிட்டது என்றுதான் அந்தத் துணி சொல்லியிருக்கும். எல்லாக் குழலும் ஒரே நாளில் சாகாது என்று எனக்கும் புரிந்திருக்கும். சுடுகிறவர்களோடு பேசுங்கள். பிறகு, அவசரத்தில் யாராவது ஒரே வார்த்தையில் பதில் கேட்டால் 'தெரியவில்லை' என்பதும் பதில்தான்.

வியாழக்கிழமை கயத்தாறு தாண்டி ஒரு பொட்டல்காட்டு ரேஞ்சில் போட்டி நடந்தது. நானும் வேனில் போனேன். ஏட்டையா சோதனைக் குண்டு இரண்டையும் நடுவில் வைத்தார். அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். வெடிச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன், அதிலும் நடுவில் எண்ணிக்கை தப்பிவிட்டது. கடைசியில் அவர் தேடிக்கொண்டு வந்தார். கையில் நான்கு விரலை விரித்துக் காட்டினார்.

"நாலுலே! நாலாவது! கோட்டுக்கு அளவு எடுக்க வரச் சொல்லியிருக்காவ. தொந்திக்கும் சேத்து எடுக்கணும்னு சொல்லிட்டேன்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் ஏழாம் எண் ரைபிள் கிடங்குக்குத் திரும்பி வந்தது. கரியை எடுத்தேன். பிறகு இரும்பு முனையை மாட்டி அம்மோனியாத் துணி விட்டேன். மூன்று துணி நீலமாக வந்தது, நான்காவது வெள்ளை. எண்ணெய் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, எண்ணுக்குப் பக்கத்தில் 'பழுதில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.